வாயிற்பலகைக்குப் பின்னே ஒரு பாய்மவியலாளர்: சதீஷ் தவானின் ஆய்வுப்பணி குறித்து

சற்று நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப்பிரதேசம் தன் மாவட்டங்களை மறுசீரமைத்தது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையமும் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீஹரிகோட்டாவும் அன்று முதல் திருப்பதி என்னும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடாவிலிருந்து மேற்கே திரும்பினால் வரதய்யபாளையம். சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே திரும்பிப் பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. ஏவூர்தி எழும் நாள்களில் வரதய்யபாளையத்தார் கீழ்வானத்தை நோக்கினாலே போதும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பகுதியில் அந்த ஏவுதளத்தை இன்றும் பலர் ‘ஷார்’ என்றே சொல்கின்றனர். அதன் முழுப்பெயர் 2002 செப்டம்பர் 5 முதல் ‘சதீஷ் தவான் விண்வெளி மையம்’.

அப்பெயருக்கு உரியவர் யார் என்ற கேள்விக்குத் தமிழில் பொதுவாகக் கிடைக்கும் விடை ஒரு நிகழ்வைச் சுற்றியே அமைகிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ஏவூர்தியின் முதல் முயற்சி தோற்றது; திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பின்னிருத்தி, இஸ்ரோவின் தலைவராக இருந்த தவானே செய்தியாளர்களை எதிர்கொண்டார்; 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வென்றபோது கலாமையே முன்னிறுத்திப் பேசச் செய்தார். கலாம் பலமுறை எடுத்துரைத்த இந்நிகழ்வு, தலைமைப்பண்பு பற்றிய எல்லா உரைகளிலும் இடம்பெற்றுவிட்டது. நிகழ்வு உண்மையானது, பெருமைக்குரியது. ஆனால் இதையே திரும்பத் திரும்பச் சொல்வதால், தவான் முதலில் ஓர் ஆய்வாளர் என்பதும், அவர் பெயர் தாங்கிய கட்டுரை ஒன்று பாய்ம இயக்கவியலில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது என்பதும் பொதுநினைவிலிருந்து விலகிப்போயின. அந்த ஆய்வுப்பணியை அதன் வரலாற்றுச் சூழலில் வைத்துக் காண்பதே இப்பதிவின் நோக்கம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நீரும் காற்றும் இருவகையாக ஓடும். அடுக்கடுக்காக, ஒன்றையொன்று குலைக்காமல் ஒழுங்குடன் செல்வது வரிச்சீர் ஓட்டம். சுழன்று, கலந்து, ஒழுங்கிழந்து செல்வது கொந்தளிப்பு ஓட்டம். குழாயைச் சிறிதளவு திறந்தால் கண்ணாடிக்கம்பிபோல் இறங்கும் நீர், முழுதும் திறந்தால் இரைச்சலுடன் குலைந்து விழுவதை எல்லோரும் கண்டிருப்போம். ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் மான்செஸ்டரில் கண்ணாடிக்குழாய்க்குள் சாயக்கோடு ஒன்றைச் செலுத்தி, இம்மாற்றம் திசைவேகம், குழாயின் அளவு, நீரின் பாகுநிலை ஆகியவை சேர்ந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தது எனக் காட்டினார். அதுவே ரெனால்ட்ஸ் எண். லுட்விக் பிராண்டில் 1904-இல் மற்றொரு திறவுகோலைத் தந்தார்: ஒரு பொருளைச் சுற்றிக் காற்று ஓடும்போது, பாகுநிலையின் விளைவு பெரிதும் அப்பொருளின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அது எல்லைப்படலம் எனப்படும். விமான இறக்கையின் மீது அதன் தடிமன் பெரும்பாலும் மில்லிமீட்டர்களில் அளக்கத்தக்கது. விமானம் எவ்வளவு உராய்வை எதிர்கொள்கிறது, ஏவூர்தியின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறுகிறது என்பவற்றை அந்தப் படலம் வரிச்சீராக உள்ளதா, கொந்தளிக்கிறதா என்பது பெரிதும் தீர்மானிக்கிறது. கொந்தளிக்கும் படலத்தில் உராய்வும் வெப்பமும் பன்மடங்கு மிகும்.

ஒழுங்கான ஓட்டம் ஏன் குலைகிறது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கணிதவியலாளர்களை வாட்டிய கேள்வி இது. குவாண்டம் இயங்கியலால் புகழ்பெறுவதற்கு முன் வெர்னர் ஹைசன்பர்க் தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட சிக்கலும் இதுவே. இரு தட்டுகளுக்கு இடையே ஓடும் பாய்மம், குறிப்பிட்ட நிலைக்கு மேல் சிறு அலைவுகளைத் தாங்காது நிலைகுலையும் என்று 1924-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கணித்தார். கணிதவழி முழுமையாக நிறுவப்படாததால் ஐயங்கள் எழுந்தன. 1926-இல் ஃபிரிட்ஸ் நோத்தர் எழுதிய கட்டுரை அதற்கு நேர்மாறான முடிவைத் தருவதுபோல் தோன்றியது. பிராண்டிலின் மாணவர்களான டோல்மியனும் ஷ்லிக்டிங்கும் எல்லைப்படலத்துக்கு இத்தகைய அலைகளைக் கணக்கிட்டபோதும், ஜெர்மனிக்கு வெளியே பலர் அதை ஏற்கத் தயங்கினர்.

இத்தயக்கத்தை நீக்கியதில் முதன்மையானவர் சீனாவில் பிறந்த கணிதவியலாளர் ஒருவர். 1916-இல் பெய்ஜிங்கில் பிறந்த சி.சி. லின், சிங்குவா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குச் செல்லவிருந்த அவரது பயணத்தை 1939-இல் மூண்ட போர் திசைதிருப்பியது. கனடாவின் டொராண்டோவில் முதுநிலைப் பட்டம் பெற்று, கலிஃபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனமான கால்டெக்கில் தியடோர் வான் கார்மானிடம் 1944-இல் முனைவர் பட்டத்தை முடித்தார். ஹைசன்பர்க்கின் கணிப்பை அவர் ஒழுங்குபடுத்தி நிறுவிக்காட்டிய மூன்று கட்டுரைகள் 1945, 1946 ஆண்டுகளில் வெளிவந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் ஷூபவரும் ஸ்கிராம்ஸ்டாட்டும் மிக அமைதியான காற்றோட்டம் கொண்ட காற்றுச்சுரங்கம் ஒன்றில் அவ்வலைகளை நேரடியாகவே கண்டனர். போர்க்கால இரகசியம் காரணமாக அது பிறகே பொதுவெளிக்கு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்.எச். தாமஸ் மின்னணுக் கணினியைக் கொண்டு அச்சிக்கலை எண்வழியாகத் தீர்த்து, நிலைகுலைவு உண்டு என்பதை உறுதிசெய்தார். லாகூரில் பிறந்த தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் 1961-இல் பாய்ம நிலைப்பாடு பற்றி வெளியிட்ட பெருநூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. லின் 1955-இல் எழுதிய நூலும் அவ்வரிசையில் வைக்கத்தக்கது.

ஆனால் லின்னின் கோட்பாடு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. சிறு அலைவு எப்போது வளரத் தொடங்கும் என்பதை அது சொல்கிறது. வளர்ந்த அலைவு எவ்வாறு முழுக்கொந்தளிப்பாகிறது என்பதை அது சொல்வதில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஒரு நிலப்பரப்பு உண்டு. அந்த இடைப்பகுதியில்தான் தவானின் பெயர் வருகிறது.

சதீஷ் தவான் 1920 செப்டம்பர் 25 அன்று ஸ்ரீநகரில் பிறந்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம், ஆங்கில இலக்கியத்தில் முதுநிலைப் பட்டம், இயந்திரப் பொறியியல் பட்டம் என மூன்றைப் பெற்றார். இலக்கியத்தையும் இயந்திரத்தையும் ஒருவரே பயில்வது இன்றைய நம் கல்வியமைப்பில் எண்ணிப்பார்க்கவும் அரிது. பின்னர் அமெரிக்கா சென்று, 1947-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முதுநிலை முடித்தார். அவ்வாண்டே நாடு பிரிவினைக்கு ஆளாயிற்று. அவர் பயின்ற லாகூர் வேற்றுநாட்டு நகரமாயிற்று. கால்டெக் சென்ற அவர் ஹான்ஸ் லீப்மனின் வழிகாட்டலில் 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு நோக்கத்தில் எளியது. செய்து முடிப்பதில் கடினமானது. காற்று ஒரு தட்டையான பரப்பின் மீது ஓடும்போது அப்பரப்பை எவ்வளவு விசையுடன் இழுக்கிறது? இம்மேற்பரப்பு உராய்வை அதுவரை பெரும்பாலும் திசைவேகத்தையோ அழுத்தத்தையோ அளந்து மறைமுகமாகவே கணக்கிட்டனர். தவான் நேரடியாக அளக்க முனைந்தார். தட்டின் ஒரு மிகச்சிறு பகுதியை மட்டும் தனியே நகரும்படி அமைத்து, அதன்மீது காற்று செலுத்தும் விசையை மின்முறையில் பதிவுசெய்தார். அளக்கவேண்டிய விசை ஏறத்தாழ 1 மில்லிகிராம் முதல் 100 மில்லிகிராம் எடைக்குச் சமம். சில அரிசிமணிகளின் எடையைத் தாண்டாத அவ்விசையை, காற்றுச்சுரங்கத்தின் அதிர்வுக்கும் இரைச்சலுக்கும் இடையே பிரித்தறிய வேண்டியிருந்தது. குறைந்த வேகத்தில் வரிச்சீர் ஓட்டத்துக்குக் கிடைத்த அளவுகள் பிளாசியஸின் கோட்பாட்டோடும், கொந்தளிப்பு ஓட்டத்துக்குக் கிடைத்தவை கார்மானின் முடிவுகளோடும் மிக நெருங்கிப் பொருந்தின. அதன்பின் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.8 மடங்கு வரையிலும், மீயொலி வேகத்தில் சில அளவீடுகளும் எடுத்தார். அமெரிக்க வானூர்தியியல் ஆலோசனைக் குழுவான நாகா அதை அறிக்கையாக வெளியிட்டது. பின்னாளில் டன்கணக்கான ஏவூர்திகளுக்குப் பொறுப்பேற்றவரின் ஆய்வுவாழ்வு மில்லிகிராம்களில் தொடங்கியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு தேவை. கார்மான் வளர்த்த அந்த வானூர்தியியல் கூடத்திலிருந்து ஆசியர் மூவர் மூன்று திசைகளில் பிரிந்தனர். லின் அமெரிக்காவிலேயே தங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1947 முதல் பணியாற்றி, 1964-இல் ஃபிராங்க் ஷூவுடன் இணைந்து, சுருள் விண்மீன் மண்டலங்களின் கரங்களை அடர்த்தி அலைகளாக விளக்கினார். முதுமையில் 2002-இல் தாம் பயின்ற சிங்குவாவுக்கே திரும்பி, 2013-இல் மறைந்தார். அவருக்கு முன்பே கார்மானிடம் 1939-இல் முனைவர் பட்டம் பெற்ற சியன் சூசென், 1950-இல் கம்யூனிஸ்ட் என ஐயுறப்பட்டுப் பாதுகாப்பு அனுமதியை இழந்து, ஐந்தாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1955-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டின் ஏவுகணை, விண்வெளித் திட்டங்களின் தந்தை எனப் போற்றப்படுகிறார். தவான் 1951-இல் தாமே பெங்களூருக்கு வந்தார். சீனாவும் இந்தியாவும் ஏவூர்தி எழுப்பிய காலத்தில் இரு நாட்டுத் திட்டங்களின் தலைமையிலும் ஒரே கூடத்தில் பயின்ற பாய்மவியலாளர்களே இருந்தனர். இது தற்செயல் மட்டுமன்று. அதிவேகக் காற்றோட்டத்தைக் கணக்கிடவும் அளக்கவும் கற்ற கூடங்கள் உலகில் அன்று மிகச் சிலவே. ஏவூர்திக்கு முதலில் தேவைப்பட்ட அறிவுகளுள் ஒன்று அது.

பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் தவான் சேர்ந்தபோது அவர் வகித்தது முதுநிலை அறிவியல் அலுவலர் பதவி. 1955-இல் வானூர்திப் பொறியியல் துறைக்குத் தலைவரானார். நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச்சுரங்கத்தை அங்கு அமைத்தவர் அவரே. அதன் வாய் உள்ளங்கையளவே இருந்தது. பெரிய கருவிக்குப் பணம் வரும்வரை காத்திராமல், கையில் கிடைத்ததைக்கொண்டு நல்ல கேள்வியைக் கேட்பது அக்கூடத்தின் இயல்பாக இருந்தது. அவ்வாறு கேட்கப்பட்ட கேள்வியே முன்னர்க் குறிப்பிட்ட இடைப்பகுதி பற்றியது.

தட்டின் முன்விளிம்பில் வரிச்சீராகத் தொடங்கும் எல்லைப்படலம், சற்றுத் தொலைவு சென்றபின் முழுக்கொந்தளிப்பாக மாறுகிறது. ‘மாறும் இடம்’ ஒன்று உண்டு என்றும், அதற்கு முன் ஒருவகை ஓட்டம், பின் மற்றொருவகை என்றும் கொண்டு கணக்கிடுவது அன்று வழக்கம். அதாவது வரைபடத்தில் ஒரு கோடு. 1951-இல் ஹார்வர்டின் ஹோவர்ட் எம்மன்ஸ், மேசைமீது மெல்லிதாக ஓடவிட்ட நீரில் வேறொன்றைக் கண்டார். ஓட்டம் ஒருங்கே குலையவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொந்தளிப்புத் திட்டுகள் தோன்றின. அவை கீழ்நோக்கி நகரும்போதே விரிந்தன. இறுதியில் ஒன்றோடொன்று கலந்து எல்லாவற்றையும் மூடின. அவ்வாறாயின் இடைப்பகுதியில் ஓரிடத்தில் கருவியை வைத்துக் காத்திருந்தால், ஒரு கணம் வரிச்சீர் ஓட்டம் கடக்கும், மறுகணம் ஒரு திட்டு கடக்கும், பிறகு மீண்டும் வரிச்சீர். மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு கொந்தளிப்பு என்பதை ஒரு பின்னமாக எழுதலாம். முன்னே அது சுழியம், இறுதியில் ஒன்று, இடையே படிப்படியாக உயர்வது. ஆய்வாளர்கள் அதற்கு காமா என்னும் கிரேக்க எழுத்தை இட்டனர்.

இத்திட்டுகள் எங்கே பிறக்கின்றன? தட்டின் மீது எங்கும் பிறக்கலாம் என எம்மன்ஸ் கொண்டார். பெங்களூரில் தவானின் மாணவராயிருந்த ரோத்தம் நரசிம்மா வேறொரு கருதுகோளை முன்வைத்தார்: திட்டுகள் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில்தான் பிறக்கின்றன, எந்த நேரத்தில், அக்கோட்டின் எந்தப் புள்ளியில் என்பது மட்டுமே தற்செயல். இக்கருதுகோளிலிருந்து காமாவுக்கு மிக எளிய கோவை ஒன்று கிடைத்தது. பின்னம் கால்பங்காகும் இடத்துக்கும் முக்கால்பங்காகும் இடத்துக்கும் உள்ள தொலைவை அலகாகக் கொண்டால், வெவ்வேறு சோதனைகளின் அளவீடுகள் யாவும் ஒரே வளைகோட்டின் மீது வந்து அமர்ந்தன. வேகம் வேறு, தட்டு வேறு, காற்றுச்சுரங்கம் வேறு, வளைகோடு ஒன்று. 1957-இல் இது சிறு குறிப்பாக வெளிவந்தது.

அக்குறிப்பின் ஆசிரியர் நரசிம்மா ஒருவரே. அப்போது அவருக்கு வயது 24. துறைத்தலைவரின் பெயர் அதில் இல்லை. அடுத்த ஆண்டு, 1958-இல், தொடங்கி இரண்டே ஆண்டாகியிருந்த பாய்ம இயக்கவியல் ஆய்விதழின் மூன்றாம் தொகுதியில் தவானும் நரசிம்மாவும் இணைந்து விரிவான கட்டுரையை வெளியிட்டனர். கலாமின் நிகழ்வைத் தலைமைப்பண்புக்குச் சான்றாகக் காட்டுவோர் இந்த இரு தலைப்புப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மாணவரின் எண்ணம் மாணவர் பெயரில். கூட்டுழைப்பு இருவர் பெயரிலும். செய்தியாளர் சந்திப்புக்கு இருபதாண்டு முன்னர், யாரும் பார்த்துப் பாராட்டாத இடத்தில் பதிவான சான்று இது. நெறியாளரின் பெயர் எங்கே வரவேண்டும், எங்கே வரவேண்டியதில்லை என்பது நம் ஆய்வுலகில் இன்றும் வெளிப்படையாகப் பேசப்படாத செய்தியாதலால் இதைக் குறிப்பிடுகிறேன்.

1958 கட்டுரையின் மையம் இதுதான். இடைப்பகுதியின் ஓட்டத்தை விளக்கப் புதிதாக மூன்றாம்வகை ஓட்டம் ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கே நிகழ்வது வரிச்சீர், கொந்தளிப்பு ஆகிய இரண்டும் மாறிமாறி வருவதே. ஆகவே அவ்விடத்தின் சராசரித் திசைவேகத்தையும் உராய்வையும் பெற, இருவகை ஓட்டங்களுக்கும் உரிய மதிப்புகளைக் காமா தரும் விகிதத்தில் கலந்தால் போதும். கொந்தளிப்பின் பங்கு நூற்றுக்கு 30 எனில், வரிச்சீர் மதிப்பில் 70 பங்கு, கொந்தளிப்பு மதிப்பில் 30 பங்கு. அளவீடுகள் இதனோடு பொருந்தின. விசையாழிகளின் அலகுகள் மீது பெரும்பகுதி இவ்விடைநிலையிலேயே இருக்கக்கூடும் என்பதால், அவற்றின் வடிவமைப்பாளர்கள் தவான்–நரசிம்மா பின்னத்தையும் அதன் வழிவந்த மாதிரிகளையும் இன்றும் பயன்படுத்துகின்றனர். நரசிம்மா பின்னர் லீப்மனிடமே சென்று 1961-இல் முனைவர் பட்டம் பெற்று, 2020-இல் மறையும்வரை இந்தியப் பாய்மவியலின் முதன்மைக் குரலாக விளங்கினார்.

மொழியியல் பயின்ற எனக்கு இக்கட்டுரை வேறொரு சிந்தனையைத் தந்தது. மொழி வரைபடங்களில் தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையே ஒரு கோடு வரைகிறோம். மாநில எல்லையும் ஒரு கோடே. ஆனால் வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா போன்ற இடங்களில் கோடு எங்கே விழுகிறது? ஒரே வீட்டில் தாயிடம் ஒரு மொழி, கடையில் மற்றொன்று. ஒரே உரையாடலில் ஒரு வாக்கியம் இதில், அடுத்தது அதில். அங்கே நிலவுவது இரண்டும் குழைந்த மூன்றாவது மொழி என்று சொல்ல முன்வருவதை விட, இரு முழுமொழிகள் மாறிமாறிப் புழங்குகின்றன, அவற்றின் பங்கு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்று கொள்வது பலவேளைகளில் உண்மைக்கு நெருக்கமானது. அவ்வாறாயின் நாம் அளக்கவேண்டியது எல்லைக்கோட்டை அன்று, பங்கை. ஒப்புமைக்கு வரம்பு உண்டு என்பதை மறுக்கவில்லை: காற்றுக்கு விருப்பம் கிடையாது, பேசுவோருக்கு உண்டு, யாரிடம், எதற்காக மொழி மாறுகிறோம் என்பதை எந்த வளைகோடும் சொல்லாது. எனினும் இருமைகளுக்கு நடுவே கோடு கிழிக்கும் பழக்கத்தை ஓர் இயற்பியல் அளவீடு எவ்வளவு எளிதாகக் கைவிட்டது என்பது சமூக அறிவியல் மாணவர்க்கும் படிப்பினை.

கலைச்சொல் பற்றியும் ஒரு சொல். வரிச்சீர் ஓட்டம், எல்லைப்படலம் போன்றவை நம்மிடம் நிலைபெற்றுவிட்டன. ஆனால் இருவகை ஓட்டங்களுக்கு இடைப்பட்ட நிலைக்கும், காமா குறிக்கும் பண்புக்கும் எல்லோரும் ஏற்ற சொல் இன்னும் அமையவில்லை. முன்னதை ‘இடைமாற்றம்’ என்றும், பின்னதை ‘விட்டுவரல்’ என்றும் சொல்லிப்பார்க்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்று நாம் அன்றாடம் சொல்வதில் அக்கருத்து முழுமையாக உள்ளது. துறைசார்ந்தோர் இதைத் திருத்தினாலும் மகிழ்வேன்.

தவான் 1960-களின் தொடக்கத்தில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1981 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1971 டிசம்பர் 30 அன்று விக்ரம் சாராபாய் மறைந்தபோது அவர் ஓராண்டு விடுப்பில் கால்டெக்கில் இருந்தார். விண்வெளித் திட்டத்துக்குத் தலைமையேற்க அழைப்பு வந்தபோது அவர் இரண்டு நிபந்தனைகளை வைத்தார்: தலைமையகம் பெங்களூரில் அமையவேண்டும், அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவியைத் தாம் தொடரவேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972 முதல் 1984 வரை அவர் இஸ்ரோவின் தலைவர். ஆரியபட்டா, பாஸ்கரா, எஸ்.எல்.வி-3 யாவும் அக்காலத்தவை. அவருடைய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரைகள் 1950-களோடு நிற்கின்றன. நிறுவனங்களை உருவாக்கியவரின் வாழ்வில் ஆய்வாளர் கொடுத்த விலை அது. அவ்விலையைக் கணக்கில் எடுக்காமல் நாம் எழுதும் அறிவியல் வரலாறு பாதி வரலாறே.

1979-இன் தோல்விக்கும் காரணம் சிறிய ஒன்றே. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி-3 கடலில் விழக் காரணம், அதன் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வின் வழியே நேர்ந்த கசிவு. மில்லிகிராம்களை அளந்து பழகியவர்க்கு, பெரிய கருவியின் விதியைச் சிறிய பகுதி தீர்மானிக்கும் என்பது புதிய செய்தியாக இருந்திராது. பிற்காலத்தில் அவர் பறவைகள் பறப்பதன் இயங்கியல் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். ஸ்ரீஹரிகோட்டாவைச் சூழ்ந்த பழவேற்காடு ஏரி பூநாரைகளின் புகலிடம் என்பதை இப்பகுதியார்க்குச் சொல்லவேண்டியதில்லை. 2002 ஜனவரி 3 அன்று தவான் மறைந்தார். எட்டு மாதங்களில் ஏவுதளம் அவர் பெயரைப் பெற்றது.

நம் பள்ளிகளில் அறிவியலாளர் வாழ்க்கையைப் பதவிகளின் பட்டியலாகவும் நற்பண்புக் கதையாகவும் கற்பிக்கிறோம். அவர் எக்கேள்வியைக் கேட்டார், எவ்வாறு விடை கண்டார் என்பது விடுபட்டுப்போகிறது. கதையால் மாணவர்க்கு மதிப்பு தோன்றும். கேள்வியைச் சொன்னால்தான் தாமும் கேட்கலாம் என்ற எண்ணம் தோன்றும். குழாய்நீர் எங்கே, எப்படிக் குலைகிறது என்று உற்றுநோக்க வரதய்யபாளையத்து மாணவர்க்கு எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். திறந்துமூடும் குழாயும் சிறிது பொறுமையும் போதும். இயற்பியல் கற்பிக்கும் நண்பர்கள் அடுத்த ஏவுதல் நாளன்று ஏவூர்தியின் எடையையும் உயரத்தையும் சொன்னபின், அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப்படலத்தையும், அதை அளந்தவரையும் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்பதே என் வேண்டுகோள். 1958 கட்டுரை பதினெட்டு, இருபது பக்கங்களுக்குள் அடங்குவது. முதுநிலை மாணவர்க்கு எட்டாததன்று. அதைத் தமிழில் விளக்கி எழுத முன்வருவோர் இருப்பின், கலைச்சொற்களுக்கு உடனிருந்து உதவ அணியமாயிருக்கிறேன்.